நெஞ்சுக்குள் முடிச்சு

என் கணவர் பிள்ளையைத் தூக்காமல் வீட்டுக்குள் வந்ததுதான் எனக்கு விழுந்த முதல் சந்தேகம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைப் பக்கத்து இளந்தாரிகள் சவூதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், போகாதவர்கள் போகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வெல்டிங் வேலை செய்கிறவர். கொழும்பில் ஒரு ஏஜென்சி அவரை எடுத்திருந்தது. பாஸ்போட் எல்லாம் ஆகிவிட்டது, மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. அதற்காகக் கொழும்புக்குப் போனவர், விடிய விடிய பஸ்ஸில் இருந்து, வெயில் ஏறும் நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் மகளுக்கு அப்போது தவழ்கிற வயது. வாப்பாவைக் கண்டதும் வாசல்வரை தவழ்ந்து போய் அவருடைய காற்சட்டையைப் பிடித்தாள். வேறு நாள் என்றால் பையைக்கூடக் கீழே வைக்காமல் தூக்கியிருப்பார். அன்றைக்கு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பிள்ளை பிடியை விடும்வரை அப்படியே நின்றார். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு நிற்கிற ஆணைக் கண்டால் எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. என் வாப்பா மவுத்தாகும்போது நான் மிகச் சிறியவள். அவரைப் பற்றி எனக்கு இருப்பது ஒரே ஒரு ஞாபகம். நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வயலில் ஒரு வாடி, காவலுக்கு இருக்கிற குடிசை. அதன் முன்னால் அவர் தனியாக நிற்கிறார். நான் வரம்பில் ஓடுகிறேன். சோற்றுச் சட்டியைச் சீலையில் கட்டிக்கொண்டு வந்த உம்மாவின் மற்றக் கை என் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்து இழுக்கிறது. வாப்பா கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். அவ்வளவுதான். முகம் ஞாபகமில்லை. பெண்பிள்ளை என்றபடியால் என்னை அவருக்குப் பிடிக்கவில்லைபோலும் என்று நானே ஒரு முடிவு கட்டி, அந்தக் கோபத்தோடேயே வளர்ந்திருந்தேன்.

நான் சந்தேகக்காரி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பால் வாங்கினால் விரலில் தொட்டு நகத்தில் விட்டுப் பார்ப்பேன். யாராவது வழமைக்கு மாறாக அன்பாகக் கதைத்தால், இவருக்கு என்ன வேணுமோ என்று யோசிப்பேன். ‘ஒண்டுமில்ல’ என்று யாராவது சொன்னால் அதற்குள் நிச்சயம் ஏதோ இருக்கிறது என்பது என் துணிபு. உம்மா சொல்வார், நீ கோட்டில் வழக்குப் பேசுகிற புறக்கிராசியாகப் போயிருக்க வேணும் என்று. போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருப்பேன்.

குளித்துவிட்டு வந்தவரிடம் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டேன்.

“மெடிக்கல் என்னவாம்?”

“ஒண்டுமில்ல. அன்ஃபிட்டாம்.”

“என்னத்துக்கு?”

“நெஞ்சுப் படத்தில ஏதோ விழுந்திரிக்காம். வேற ஒண்டும் சொல்லல்ல. இந்தா எண்டு கையில தந்திட்டானுகள்.”

பையிலிருந்து பெரிய மண்ணிறக் கவரை எடுத்தார். எக்ஸ்ரே படமும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு ரிப்போட்டும் உள்ளே இருந்தன. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். என் கணவரின் விலா எலும்புகள், தோள் எலும்பு, நடுவில் சாய்ந்து கிடக்கிற இதயம். வலப்பக்கம், நுரையீரலுக்குள் குழாய்கள் பிரிகிற இடத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள். மற்ற எலும்பை எல்லாம்விட அவை வெள்ளையாக இருந்தன. கட்டிய மனிசனின் நெஞ்சுக்குள்ளே எனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்பது எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

ரிப்போட்டை வாசிக்க என் ஆங்கிலம் போதாது. நான்கு வீடு தள்ளி டியூஷன் கொடுக்கிற மாஸ்டர் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியும் தடித்த அகராதியுமாக வந்து எங்கள் மேசையடியில் இருந்தார். வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். சில சொற்கள் அகராதியில் இல்லை என்று கடந்து போனார். கடைசியில் சொன்னார்:

“வலப்பக்க நெஞ்சுக்குள்ள முடிச்சு முடிச்சா இரிக்காம். பெருத்திரிக்காம். அதில சுண்ணாம்பும் இரிக்காம்.”

“முடிச்சா?”

“கணு எண்டும் அகராதியில போட்டிரிக்கி. ஆனா கணு கரும்புக்கும் மூங்கிலுக்கும் வாற. மனிசனுக்கு முடிச்சு எண்டுதான் எடுக்கணும்.”

மனிசனுக்கு ஏன் முடிச்சு வர வேண்டும் என்று கேட்டேன். அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும் என்று அகராதியை மூடிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் கணவரிடமிருந்து சற்று விலகி நடந்ததை நான் கவனித்தேன்.

முடிச்சு என்றால் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நெஞ்சு வருத்தம் என்றால் விளங்கும். கசம். ஊரில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். கசநோய் வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள். என் கணவருக்கு விடியற்காலையில் இருமல் இருந்தது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொண்டிருந்தார், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு இருமலையும் பின்னுக்குப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். கலியாணத்துக்கு முந்தியே இருந்ததா? மாமி வீட்டாருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டே என் தலையில் கட்டினார்களா? எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுப்பதுதான் வழக்கம். ஆகவே வருத்தத்தோடு வந்தாலும் அவர் வந்து படுக்கிறது எங்கள் வீட்டில்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி பிள்ளையைப் பற்றியது. பிறந்த சில வாரங்களிலிருந்தே எங்கள் மகள் பகல் நித்திரையை அவர் நெஞ்சில்தான் கொண்டாள். லுஹர் தொழுதுவிட்டு வந்து அவர் பாயில் மல்லாந்து படுப்பார், இவள் ஏறிக் குப்புறக் கிடப்பாள். காதை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். வலப்பக்கமாகத்தான் எப்போதும் தலையை வைப்பாள். அந்தப் பொட்டுகளுக்கு மேலே.

அன்று பகலே பெட்டியில் மடித்து வைத்திருந்த ஏணைச் சீலையை எடுத்துக் கூரை வளையில் கட்டினேன். பிள்ளையை அதில் போட்டு ஆட்டினேன். அவள் அலறினாள். ஏணை அவளுக்குப் பழக்கமில்லை. பாயில் படுத்திருந்த என் கணவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப என்னை ஒதுக்கி வெக்கிறியா?”

“நீங்கதானே காலையில ஒதுங்கி நிண்ட. நான் மிச்சத்தச் செய்றன்.”

அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான், தனித் துவாய். சுடுதண்ணியில் போட்டு எடுத்தேன். அது மனிதத்தன்மை இல்லாத வேலை என்று பிறகு பலர் எனக்குச் சொன்னார்கள். இன்றைக்கும் அதே நிலை வந்தால் அதையேதான் செய்வேன். எனக்கு அவரைப் பிடிக்கும். பிள்ளைக்கு மூச்சு அதைவிட முக்கியம்.

செய்தி அவருடைய ஊரான பாலமுனைக்குப் போய்விட்டது. அடுத்த நாளே மாமி, என் கணவரின் உம்மா, ஒரு கூடை முட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்ததும் மகனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஏணையைப் பார்த்தார், தனிக் கோப்பையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு மாஸ்டரை மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்.

“மாஸ்டர், வடிவாப் பாத்துச் சொல்லுங்க. முடிச்சு எண்டா போட்டிரிக்கி?”

“ஓம். முடிச்சு எண்டுதான்.”

“சுண்ணாம்பும்?”

“அதுவும் இரிக்கி.”

மாமியின் முகம் வெளுத்துப் போனது. எங்கள் வீடுகளில் அந்திக்கு ஓதி, உள்ளங்கையில் ஊதி, உடம்பில் தடவிக்கொள்கிற வழக்கம் உண்டு. முடிச்சுப் போட்டு அதில் ஊதிக் கெடுதி செய்கிறவர்களிடமிருந்து காவல் கேட்பதும் அந்த ஓதலில் வருகிறது. பால்குடியிலிருந்தே எங்கள் காதில் விழுகிற விஷயம் அது. வேறு ஊரில் ஒரு தாய் முடிச்சு என்ற சொல்லைக் கேட்டிருந்தால் நெஞ்சில் என்ன கட்டி என்றுதான் கேட்டிருப்பாள். என் மாமி கேட்டது வேறு.

“கட்டினது ஆரு?”

அவரே தொடர்ந்தார். “புள்ள போற நேரம் பாத்துக் கட்டியிரிக்கானுகள். வெத்திலையில வெச்சுக் குடுத்திரிக்கணும். இல்லாட்டிச் சுண்ணாம்பு எப்பிடி நெஞ்சுக்குள்ள போற? மகன், கொழும்பில ஆரும் வெத்தில தந்தவங்களா?”

“நான் வெத்தில போடுறல்லையே உம்மா.”

“அப்ப இஞ்சதான் கட்டியிரிக்கி.”

இஞ்ச என்று சொன்னபோது அவருடைய கண் வேலிக்கு அப்பால் போனது. வேலிக்கு அப்பால் என் உம்மாவின் வீடு. மருமகன் வெளிநாட்டுக்குப் போவது உம்மாவுக்கு விருப்பமில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆக, அவர்கள் வருத்தத்தை மறைத்தார்கள் என்று நான் மாமியைச் சந்தேகப்பட, எங்கள் வீட்டார் முடிச்சுப் போட்டார்கள் என்று மாமி எங்களைச் சந்தேகப்பட, ஒரே அடுப்பில் இரண்டு பேரும் சோறு ஆக்கினோம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி வேலையைத் தொடங்கினார். வீட்டில் உள்ள முடிச்சு எல்லாம் அவிழ்க்கப்பட வேண்டும், கட்டினது எதற்குள் ஒளிந்திருக்கும் என்று தெரியாது என்றார். கொடிக் கயிற்றை அவிழ்த்தார், காய்ந்துகொண்டிருந்த உடுப்பெல்லாம் மண்ணில் விழுந்தது. நுளம்பு வலையின் நாலு மூலையையும் அவிழ்த்தார். தலையணை உறையின் நாடா, அரிசிச் சாக்கின் வாய், கிணற்று வாளியின் கயிறு, என் கணவரின் பழைய சப்பாத்து லேஸ் வரைக்கும் போனார். ஒவ்வொன்றையும் அவிழ்த்து முகர்ந்து பார்த்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். என் கணவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், மாமி ஏணையின் கயிற்றில் கை வைக்கும்வரை. பிள்ளை உள்ளே கிடந்தாள்.

“மாமி, அதத் தொடாதீங்க.”

“இதுதான் புதுசாக் கட்டின முடிச்சு. முந்தி வரக்குள்ள இது இல்ல.”

“நான்தான் கட்டின. நேத்து.”

“நீதான் கட்டின,” என்றார் மாமி, என்னை நேராகப் பார்த்து.

அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு உச்சந்தலையில் நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நானும் என் கேள்வியைக் கேட்டேன்.

“சின்னதில இவருக்கு என்ன வருத்தம் வந்த மாமி?”

“என்ன வருத்தம்? ஒண்டுமில்ல.”

“ஒண்டுமில்லையா?”

“எல்லாப் புள்ளைக்கும் வாற குக்கல்தான் வந்த. இருமி இருமிச் சத்தி எடுப்பான். பரியாரி மருந்து குடுத்தார், சுகமாப் போச்சு.”

“எவ்வளவு காலம் இருமின?”

“அதெல்லாம் ஞாபகமா இரிக்கி? மறந்து போச்சு.”

முக்காட்டை இழுத்துச் சரி செய்துகொண்டார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறந்து போகிறவர் இல்லை என் மாமி. என் கலியாணத்தில் யார் யாருக்குக் கறி குறைந்தது என்று வருஷக்கணக்காகச் சொல்கிறவர்.

நான் வேலியைக் கடந்து உம்மாவிடம் போனேன். மாமியின் மேல் குறை சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் உம்மா விடமாட்டார், அடுப்பில் சோறு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்பார். அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “விட்டிரு மகள்” என்றார்.

“விடுறதா? நாளைக்கு நெஞ்சுக் கிளினிக்குக்குப் போறம்.”

“கிளினிக்கெல்லாம் வேணாம். ஓதித் தண்ணி குடுத்துப் பாப்பம். அங்க போனா அவரோட விடமாட்டாங்க. ஊட்டாக்கள் எல்லாரையும் படம் எடுக்கச் சொல்லுவாங்க. ஊர் கதைக்கும்.”

“எல்லாரையும் எடுக்கச் சொல்லுவாங்க எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

உம்மா திரும்பி அரிசியைக் களையத் தொடங்கினார். “கேள்விப்பட்ட” என்றார்.

உம்மா யாரிடம் கேள்விப்பட்டார் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். என் கோபமெல்லாம் மாமி மேல் இருந்ததால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டேன். ஆனாலும் அரிசி நீர் தெளிந்த பிறகும் அவர் களைந்துகொண்டே இருந்தது என் கண்ணில் பட்டது.

பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் இருந்து, முகத்தை வெளியே வைத்துக்கொண்டு வந்தார். காற்று என் பக்கம் வராமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார் என்று பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் படக் கவரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் இருந்தவர் ஒரு பெண் டொக்டர். களைத்த முகம், சுருக்கமான பேச்சு. படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிக் கிட்டப் போய்ப் பார்த்தார். ரிப்போட்டை வாசித்தார். நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“நெஞ்சுக்குள்ள முடிச்சாமே டொக்டர்?”

“முடிச்சா? ஆர் சொன்னது?”

அகராதியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“வயலில காலில முள்ளுக் குத்தினா, கவட்டில ஒண்டு வீங்கி நோகுமே, அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?”

“நெறி கட்டியிரிக்கி எண்டு சொல்ற.”

“இது அதுதான். நெறி. கவட்டில இருக்கிறமாதிரி, கழுத்தில இருக்கிறமாதிரி, நெஞ்சுக்குள்ளயும் எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. கிருமி வந்தா அத மறிக்கிறதுதான் அதின்ர வேலை. மறிக்கேக்க வீங்கும்.”

நெறி. வாய்க்காலில் வேலை செய்கிற எந்தச் சின்னவனுக்கும் தெரிந்த சொல். முடிச்சு என்று கேட்டபோது இரண்டு வீடும் கிழிந்து போயிருந்தது. நெறி என்றவுடன் அது காய்ச்சல், காயம் மாதிரி வீட்டுக்குள் வந்து போகிற ஒன்றாகிவிட்டது. ஆனால் நான் அத்தோடு விடவில்லை.

“எந்தக் கிருமி வந்து வீங்கின? கசமா?”

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் பார்க்கவில்லை, பென்சிலால் அந்த வெள்ளைப் பொட்டுகளைத் தொட்டார்.

“பெரும்பாலும் அதுதான். ஆனா எப்ப எண்டதுதான் கேள்வி. இந்த வெள்ளை, சுண்ணாம்பு படிஞ்சது. காயம் ஆறித் தழும்பாகிறமாதிரி, நெறி ஆறினா இப்பிடிச் சுண்ணாம்பாகும். அதுக்கு வருசக்கணக்கு வேணும். நுரையீரல் மற்ற இடமெல்லாம் துப்பரவா இருக்கு. சின்ன வயசில கிருமி வந்து, உடம்பே அத மடக்கி வெச்சிருக்கு. இந்தப் பக்கத்தில நிறையப் பேருக்கு இப்பிடி இருக்கும். படம் எடுக்காததால தெரியாது.”

“அப்ப பிள்ளைக்குத் தொத்தாதா?”

“ஆறினதுதான் எண்டா தொத்தாது. ஆனா படத்த மட்டும் பாத்து நான் சத்தியம் பண்ண மாட்டன். பழைய படம் இருந்தா வெச்சுப் பாக்கலாம், உங்களிட்ட இல்ல. அதால சளி பாப்பம். கொஞ்ச மாசத்தால இன்னொரு படம் எடுப்பம். இந்தப் பொட்டுகள் மாறாம இப்பிடியே இருந்தா நிம்மதி. வளந்தா வேற என்ன எண்டு தேடுவம்.”

எனக்கு அந்த டொக்டரைப் பிடித்துப் போனது. அவரும் என்னைப்போலச் சந்தேகக்காரி. ஆனால் அடுத்ததாக அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்க பால் குடுக்கிறீங்கள் தானே? உங்களையும் எடுப்பம்.”

எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். டொக்டர் துண்டை எழுதி நீட்டினார். குளிர்ந்த பலகையில் நெஞ்சை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்தேன். படம் கழுவிக் காயும்வரை வெளியே போட்டிருந்த நீள வாங்கில் இருந்தோம். என் கணவர் என்னிடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டே இருந்தார். அந்த இடைவெளியை அவரே விட்டார் என்றாலும் அதை அளந்து கொடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு படத்தையும் டொக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு படத்தில் அகலத் தோள், மற்றதில் ஒடுங்கிய தோள். அந்த வித்தியாசத்தைத் தவிர, வெள்ளைப் பொட்டு இரண்டிலும் இருந்தது. என்னுடையதில்தான் கூட.

“பாத்தீங்களா? உங்களுக்கும் பழசு. சின்ன வயசில. வீட்டில ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததா?”

“வாப்பாக்குத் தொய்வு இருந்த, மூச்சு இழுக்கிற வருத்தம். அதிலதான் மவுத்தான.”

“தொய்வெண்டு ஆர் சொன்னது?”

“உம்மா.”

டொக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிட்டது. தொய்வுக்காரரை எதற்கு வயல் வாடியில் தனியாக வைக்க வேண்டும்? எதற்கு உம்மா சாப்பாட்டைச் சட்டியில் கட்டிக்கொண்டு போக வேண்டும்? வீட்டார் எல்லாரையும் படம் எடுக்கச் சொல்லுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்த கை எதிலிருந்து என்னை இழுத்தது? மாமியிடம் நான் தேடிக்கொண்டிருந்த பொய் என் உம்மாவிடம் இருந்தது.

திரும்பி வந்தபோது உம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை பக்கத்தில் பாயில் இருந்தாள். நான் என் படத்தை எடுத்து அவருக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்தேன்.

“இது இவர்ட இல்ல. என்ட.”

உம்மா கத்தியைக் கீழே வைத்தார். படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு வரும் எண்டு” என்றார். “நீ குமர்ப்புள்ள. கசம் வந்த ஊடு எண்டு ஊர் சொன்னா ஒன்ன ஆரு கலியாணம் முடிக்கிற? தொய்வு எண்டு சொன்ன. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாப் போச்சு.”

எனக்குக் கோபம் பொங்கியது. இவ்வளவு காலமும் மருமகன் வீட்டாரைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தவரா இது என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி. அது எனக்குள் அத்தனை வருஷம் காத்துக்கொண்டு இருந்தது என்று எனக்கே தெரியாது.

“வாப்பாக்கு என்னப் புடிக்காதா?”

உம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மீன் கையோடு முகத்தைத் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டார்.

“புடிக்காதா? நீ எங்க நித்திர கொண்ட எண்டு தெரியுமா? வருத்தம் என்னெண்டு தெரிய முந்தி, நீ புறந்த நாளிலிரிந்து அவர்ட நெஞ்சிலதான். கீழ வெச்சா அழுவாய். அவரும் வைக்க மாட்டார். மறுகா டொக்டர் சொன்ன, புள்ளையக் கிட்ட விட்டா புள்ள தப்பாது எண்டு. அண்டைக்கே அவர் வாடிக்குப் போயிட்டார். நான் போகச் சொல்லல்ல மகள், அவராத்தான் போன. நான் ஒன்னக் கூட்டிக்கொண்டு போற நேரமெல்லாம் கையப் பின்னுக்குக் கட்டிக்குவார். கேட்டா, முன்னுக்கு வெச்சா நீட்டிப் போடுவன் எண்டு சொல்லுவார்.”

நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். படம் என் மடியில் கிடந்தது. சத்தம் போட்டு அழுதேன். பிள்ளை பயந்து தானும் அழத் தொடங்கினாள்.

அன்று பின்னேரம் நான் மாமியிடம் போய், நெஞ்சுக்குள் இருப்பது முடிச்சு இல்லை, நெறி என்று சொன்னேன். எனக்கும் இருக்கிறது என்றும், அது என் வாப்பாவிடமிருந்து வந்தது என்றும் மறைக்காமல் சொன்னேன். மாமி மகனைத் திரும்பிப் பார்த்தார். குக்கல் வந்த நேரம் இவனும் நல்லாத்தான் இருமினான், என்னெண்டு ஆரு கண்டது என்றார். பிறகு எழும்பிப் போய்க் கொடிக் கயிற்றை மறுபடி கட்டினார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாஸ்டர் மேல் மட்டும் இருவருக்கும் ஒரே கோபம்.

சளி முடிவு வரும்வரை ஏணையை நான் அவிழ்க்கவில்லை. என் கணவரும் கேட்கவில்லை. ஆனால் வாங்கில் விட்ட இடைவெளியை அன்றிரவோடு விட்டுவிட்டோம். எனக்கும் அதே பொட்டு இருக்கிறபோது யார் யாரை ஒதுக்கி வைப்பது? பிள்ளைக்காக மட்டும் காத்திருந்தோம்.

முடிவு நல்லபடியாக வந்தது. சளியில் ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து எடுத்த படத்தில் பொட்டுகள் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தன. இது ஆறின பழைய தழும்புதான் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அந்த ஏஜென்சி ஏற்கவில்லை. என் கணவர் சவூதிக்குப் போகவில்லை, கல்முனையிலேயே சொந்தமாக ஒரு வெல்டிங் கடை போட்டார். போகாததற்குக் கவலைப்பட்டார். எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய்யாகாது.

சளி முடிவு வந்த அன்று, லுஹருக்குப் பிறகு அவர் பாயில் படுத்தார். நான் ஏணையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் இரண்டு கையையும் தலைக்கடியில் வைத்திருந்தார், எடுக்கவில்லை.

“வடிவா யோசிச்சிட்டியா?” என்றார். “மறுகா சந்தேகம் எண்டு வரப்படாது.”

“சந்தேகம் எப்பவும் வரும். இப்ப புள்ளையப் புடிங்க.”

பிள்ளை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நழுவி இறங்கி, வலப்பக்கம் காதை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனாள்.

கோப்பையில் மீன் ஆணம் கொண்டுவந்த உம்மா கதவடியில் நின்றதை நான் பிறகுதான் கண்டேன். கோப்பையை வைத்துவிட்டு மெல்லப் பாய்க்குக் கிட்ட வந்தார். குனிந்தார். அவருடைய கை பிள்ளையின் சட்டைப் பின்பக்கத்துக்கு நீண்டு வந்தது, துணியைத் தொட்டது, விரல்கள் மடங்கத் தொடங்கின. அந்தக் கையை எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உம்மா பிள்ளையின் முதுகில் இருந்த ஈயை விரட்டிவிட்டு, சட்டையைக் கீழே இழுத்துச் சரி செய்துவிட்டு, வெளியே போனார்.